பல வேலை பார்த்தபின் சிறார் கதை எழுத வருபவர்களுக்கு

பல வேலைகள் பார்த்துவிட்டு எழுத வருபவர்களுக்கு அனுபவத்தில் குறைவிருக்காது. அதை அறிவுரையாக்கிவிடும் பழக்கம்தான் கதையைக் கெடுக்கும். உங்கள் வேலை கற்றுத்தந்த பாடம் குழந்தைக்கு வேண்டாம். அந்த வேலையிடத்தின் சத்தம், வாடை, கருவிகள், அங்கே நடந்த கோளாறுகள், இவைதான் வேண்டும்.

முதலில் ஒரு நோட்டில், பார்த்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பக்கத்துக்குப் பத்து விவரம் போதும். செவிலியராக இருந்தவர் ‘சேவை’ என்று எழுதினால் அதில் கதை இல்லை. தூங்கும் நோயாளிகளை எழுப்பாமல் இரவில் வார்டில் நடப்பது எப்படி என்று எழுதினால் இருக்கிறது. லாரி ஓட்டியவர் மலையிறக்கத்தில் சூடேறிய பிரேக்கின் நாற்றத்தை எழுதலாம். படித்ததும் ‘நானும் செஞ்சு பார்க்கட்டுமா?’ என்று குழந்தை கேட்கக்கூடிய விவரம் எதுவோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வயதை முடிவு செய்யுங்கள். தோராயமாக, 3 முதல் 6 வயதுக்கான படக்கதை 300 சொற்களைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 7 முதல் 9 வயதுக்குச் சின்னச் சின்ன அத்தியாயங்களாக 2,000 முதல் 5,000 சொற்கள். சிறார் நாவலை முதல் முயற்சியாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

படக்கதை என்றால் மாதிரிப் புத்தகம் செய்யாமல் எழுதாதீர்கள். 8 ஏ4 தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் 32 பக்கம் வரும். படப்புத்தகங்களில் வழக்கமான அளவும் அதுதான். முதல் 3 பக்கங்கள் தலைப்புக்கும் பதிப்பு விவரத்துக்கும் போய்விடும். 4-ஆம் பக்கத்திலிருந்து எதிரெதிர்ப் பக்கங்களாக 14 ஜோடி, கடைசியில் தனியாக ஒரு பக்கம். எழுதியதைத் துண்டாக வெட்டி ஒட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று ஜோடிகளில் எதுவும் நடக்கவில்லை என்று அப்போதுதான் தெரியும். கேள்வி வலப்பக்க முடிவில் இருக்கட்டும், விடை தாளைத் திருப்பினால் வரட்டும். படம் காட்டப்போகும் சட்டை நிறத்தையும் வானத்தையும் எழுத்திலிருந்து நீக்குங்கள்.

சிக்கலைத் தீர்ப்பது குழந்தையாக இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற தாத்தா வந்து வழி சொல்லும் கதைகள் ஏற்கெனவே மிதமிஞ்சிக் கிடக்கின்றன.

மொழியில் அலுவலக நடை ஒட்டிக்கொண்டே வரும். ‘மேற்கொண்டான்’ வேண்டாம், ‘செய்தான்’ போதும். ‘ஓடிக்கொண்டிருந்ததைப்பார்த்து’ என்று சேர்த்து எழுதினால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை பாதியில் நின்றுவிடும். பிரித்து எழுதுங்கள், அல்லது வாக்கியத்தையே மாற்றுங்கள்.

சொந்தப் பேரப்பிள்ளைகளிடம் சோதிப்பதில் பயனில்லை. தாத்தா பாட்டி எழுதியது என்றால் அவர்களுக்கு எல்லாமே பிடிக்கும். அறிமுகமில்லாத ஐந்தாறு குழந்தைகளுக்கு வேறொருவர் வாசிக்கட்டும். நீங்கள் ஓரமாக உட்கார்ந்து, அவர்கள் நெளியும் இடத்தைப் பிரதியில் குறித்துக்கொள்ளுங்கள். வாசிப்பவர் தடுமாறும் இடத்தையும்தான்.

பதிப்பகத்துக்குப் பிரதியை மட்டும் அனுப்புங்கள். ஓவியரைப் பெரும்பாலும் அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். முன்கூட்டிப் படம் வரையவைத்தால் அந்தச் செலவு வீணாகலாம். தன்குறிப்பில் கதைக்குத் தொடர்புள்ள வேலையைப் பற்றி மட்டும் இரண்டு வரி. வயதை மறைக்க வேண்டியதில்லை: 1932-இல் முதல் நாவல் வெளியானபோது அமெரிக்கச் சிறார் எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் வைல்டருக்கு 65 வயது.

ஒப்பந்தம் வந்தால், பதிப்புரிமையை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எந்த மொழி, அச்சா மின்னூலா, எத்தனை ஆண்டு என்று வரையறுத்து உரிமம் கொடுங்கள். புத்தகம் விற்பனையில் இல்லாமல் போனால் உரிமை உங்களிடம் திரும்பும் என்ற வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.