துருப்பிடித்த வீல் நட்டுக்குப் பெயின்ட்: மலைநாட்டு ஈரத்தில் அதை நிற்க வைப்பது எப்படி

பழைய மொரிஸ் மைனர் கார் வைத்திருப்பவர்கள் வீல் நட்டை அடிக்கடி பார்ப்பதில்லை. குரோம் தொப்பி அதை மூடி வைத்திருக்கிறது. வெளியே தொப்பி பளபளக்கும். உள்ளே மழைத் தண்ணீரும் மூடுபனி ஈரமும் புகுந்து, காய வழியில்லாமல் கிடக்கும். இலங்கை மலைநாட்டில் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் ஓடுகிற வண்டி என்றால் சொல்லவே வேண்டாம். ஒருநாள் ரம்பொடை ஏற்றத்தில் டயர் பஞ்சராகித் தொப்பியை நெம்பும்போதுதான் தெரியும், நான்கு நட்டும் துரு உருண்டையாக உட்கார்ந்திருப்பது.

துருவை எடுப்பது உண்மையில் சின்ன வேலை. எடுத்த துரு திரும்பி வராமல் பெயின்டை அதன்மேல் ஏற்றுவதுதான் இங்கே பெரிய வேலை. இணையத்தில் இருக்கிற வீடியோக்களில் பாதி, வெயில் அடிக்கிற நாட்டுக்காரர்கள் எடுத்தவை. கழுவி, துடைத்து, வெயிலில் வைத்து, பெயின்ட் அடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அதையே நுவரெலியாவில் செய்து பாருங்கள், ஈரம் காய்வதற்குள் மறுபடி துரு வந்து நிற்கும். அதனால் காய வைக்கும் அந்த ஒரு கட்டத்தைத்தான் இதில் நீட்டி எழுதியிருக்கிறேன். மற்றதெல்லாம் வேகமாகப் போகும்.

கழற்றுவது

ஜாக்கி போடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் நம் ஊரில் சமதரை கிடைப்பதே அரிது. மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்காமல் வண்டியைத் தூக்காதீர்கள். டயர் தரையில் இருக்கும்போதே நட்டை அரைச் சுற்று இளக்கிவிட்டுப் பிறகு தூக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் மட்டும். பழைய சாமான் கடையில் அதே புரியுள்ள நான்கு நட்டு தேடி எடுத்து வைத்துக்கொண்டால், வண்டியை நிறுத்தி வைக்காமலே ஒவ்வொரு சக்கரமாக முடிக்கலாம். கொழும்பில் பழைய வண்டிச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர் யாராவது இருந்தால் சொல்லிவிடுங்கள். ஆனால் ஒரு நட்டைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். "மைனர் நட்டு" என்று வாயால் சொன்னால் எதையாவது கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

ஸ்பேனர் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஆறு முனை சொக்கட் தவிர வேறு எதையும் துருப்பிடித்த நட்டின் மேல் வைக்க மாட்டேன். பன்னிரண்டு முனை சொக்கட் நட்டின் மூலையை மட்டும் பிடிக்கும், மழுக்கிவிடும். ஷிஃப்டிங் ஸ்பேனரைப் பற்றிப் பேசவே வேண்டாம். இன்னொன்று: பழைய பிரித்தானிய வண்டிகளின் நட்டுகள் அங்குல அளவு. உதாரணமாக 11/16 அங்குலம் என்றால் 17.46 மில்லிமீற்றர். 17 சொக்கட் உள்ளே போகாது, 18 ஆடும். ஆடுகிற சொக்கட்டைப் போட்டு ஏறி மிதித்தால் நட்டு வட்டமாகிவிடும். அளந்து பார்த்து அங்குல சொக்கட்டே வாங்குங்கள்.

அசையாத நட்டுக்கு: அசிட்டோனும் ஓட்டோமெட்டிக் கியர் எண்ணெயும் (ஏடிஎஃப்) பாதிக்குப் பாதி. குலுக்கிச் சொட்டுச் சொட்டாக விட்டு ஓர் இரவு வைக்கலாம். இரண்டும் பிரிந்து நிற்கும், ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும். பிரேக் ட்ரம்முக்குள் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டயருக்குப் பக்கத்தில் நெருப்பு வைத்துச் சூடாக்குவது வேண்டாம், இந்தக் கலவை விட்ட பிறகு அறவே வேண்டாம்.

எதைத் தூக்கிப் போட வேண்டும்

கழற்றிய நட்டை அதன் ஸ்டட்டில் (நட்டு ஏறுகிற புரிக் கம்பி) வெறும் விரலால் சுற்றிப் பாருங்கள். கடைசி வரை தானாக ஓட வேண்டும். நடுவில் கடித்தால் புரியைச் சுத்தம் செய்து மறுபடி பாருங்கள். அதன் பிறகும் கடித்தால் குப்பைக்கு. மூலை மழுங்கியது, வெடிப்பு விட்டது, சக்கரத்தில் உட்காரும் கூம்புப் பகுதி நசுங்கியது, இதெல்லாமும் குப்பைக்குத்தான். 2020-இல் வாகன இறக்குமதி நின்றபோது பழைய வண்டிக்கும் அதன் சாமானுக்கும் மவுசு கூடியது உண்மை. அதற்காகக் கெட்ட நட்டுக்குப் பெயின்ட் பூசி கினிகத்தேனை வளைவில் இறங்குவது புத்தியில்லை.

துருவை எடுப்பது

முதலில் மண்ணெண்ணெயில் ஊறவைத்து கிரீஸையும் அழுக்கையும் கழுவுங்கள். பிறகு சவர்க்காரத் தண்ணீர். எண்ணெய் இருந்தால் அமிலம் இரும்பைத் தொடாது.

ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் அசிட். கேக் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் கடை வினாகிரியை அப்படியே ஊற்றலாம், கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பித்தளைக் கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிற இரும்பு தெரிந்தால் போதும். நாள்கணக்கில் விட்டால் அமிலம் நல்ல இரும்பையும் தின்ன ஆரம்பிக்கும்.

கழிவறை கழுவும் அமிலத்தைப் பாவிக்கலாமா என்றால், வேண்டாம். துரு நிமிடத்தில் போகும்தான். ஆனால் அதன் புகை அறை முழுக்கப் பரவி, சுவரில் தொங்குகிற மற்றக் கருவிகளுக்கெல்லாம் துரு ஏற்றிவிடும். குரோம் பூசிய நட்டு என்றால் ஊறவைப்பதற்கு முன் யோசியுங்கள். குரோம் உரிய ஆரம்பித்திருந்தால் அமிலம் அதன் அடியில் புகுந்து இன்னும் உரிக்கும். புதிது வாங்குவதே நல்லது.

பற்றரி சார்ஜர் வைத்திருப்பவர்கள் வொஷிங் சோடாத் தண்ணீரில் மின்சாரம் விட்டுத் துரு எடுப்பதும் உண்டு. நன்றாகவே எடுக்கும். திறந்த வெளியில் செய்யுங்கள், ஹைட்ரஜன் வரும். எதிர்ப்பக்கம் தொங்கவிடும் தகடு சாதாரண இரும்பாக இருக்கட்டும். சில்வர் கரண்டி, சில்வர் தட்டு எதையும் போடாதீர்கள். அதிலிருக்கும் குரோமியம் கரைந்து தண்ணீரை விஷமாக்கும்.

காய வைப்பது (இங்கே அவசரப்படாதீர்கள்)

அமிலத்திலிருந்து எடுத்த இரும்பு வெறும் மேனியோடு இருக்கிறது. அதன்மேல் தண்ணீர் நின்றால் சில நிமிடங்களில் செம்மஞ்சள் படலம் வரும். துணியால் துடைத்துவிட்டேன், காய்ந்துவிட்டது என்று நினைப்போம். புரிக்குள் ஈரம் இருக்கும். தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் மறுபடி துரு. இந்த இடம்தான் என்னை ரொம்ப நாள் அலைக்கழித்தது.

இதில் இரண்டு சிக்கல் இருக்கிறது. ஒன்று, கழுவிய தண்ணீர். அது கண்ணுக்குத் தெரியும். மற்றது காற்றிலிருந்து வருவது. குளிர்ந்த இரும்பின் மேல் ஈரக்காற்று பட்டால் பனி படியும். மெல்லியதாகப் படிந்தால் கண்ணுக்கே தெரியாது. அதன்மேல் அடிக்கிற பிரைமர் (பெயின்டுக்கு அடிப்பூச்சு) இரும்பைப் பிடிக்காது, தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு நகத்தால் கீறினால் தோலாக உரிந்து வரும். இரும்புக்குப் பெயின்ட் அடிக்கும் தொழிலில் ஒரு விதி உண்டு: பனி படியத் தொடங்கும் வெப்பநிலையை விட இரும்பு குறைந்தது 3 பாகை சூடாக இருக்க வேண்டும். மூடுபனி நாளில் காற்றின் வெப்பநிலையும் பனி படியும் வெப்பநிலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதாவது, அறையில் சும்மா வைத்திருக்கும் நட்டு அந்த நாளில் பெயின்டுக்குத் தகுதியில்லை. வேறு வழியில்லை, சூடாக்கியே ஆக வேண்டும்.

நான் செய்வது இது. அமிலத்திலிருந்து எடுத்ததும் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கலந்து அதில் முக்கி எடுப்பேன், மிச்ச அமிலம் செத்துப்போகும். உடனே கொதிக்கிற தண்ணீரில் போட்டு இரண்டு நிமிடம். நட்டு அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும், இடுக்கியால் எடுத்து உதறினால் ஈரம் தானாகப் பறந்துவிடும். அங்கிருந்து நேராக அடுப்பில் மெல்லிய தீயில் இருக்கும் பழைய ரொட்டிக்கல்லுக்கு. (பழையது என்றேன். அதில் மறுபடி ரொட்டி சுடக்கூடாது. வீட்டில் சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.) கால் மணி நேரம் போதும். தொட்டால் கை சுடும் அளவு சூடு வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். இரும்பு நீலம் பாய்கிற அளவுக்குச் சூடேற்றினால் அதன் பலமே மாறிவிடும்.

கழுவியவுடன் டபிள்யூடி-40 அடித்து வைப்பதும் சிலர் பழக்கம். துரு வராதுதான். ஆனால் அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல் பெயின்ட் நிற்காது. அடித்திருந்தால் தின்னரில் இரண்டு தடவை கழுவிவிட்டு மறுபடி கல்லில் வையுங்கள்.

நாளும் நேரமும் பார்ப்பதும் முக்கியம். மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கம், ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. தேயிலைக்காரர்களுக்கு இது புதிதல்ல: மேற்குச் சரிவின் திம்புளையில் தரமான தேயிலை வருவதும் பதுளைப் பக்க ஊவாவில் தரமான தேயிலை வருவதும் இதே மாதங்களில்தான், காய்ந்த காற்று வீசுவதால். எந்த மாதமானாலும் வேலையைக் காலையிலேயே முடியுங்கள். மத்தியானத்துக்குப் பிறகு பனி இறங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

பெயின்ட்

பெயின்ட் எங்கே படக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்: புரியில் படக்கூடாது, கூம்பில் படக்கூடாது. கூம்பு சக்கரத்தை இரும்போடு இரும்பாகக் கடித்துப் பிடிக்க வேண்டும். நடுவில் பெயின்ட் இருந்தால், முறுக்கும்போது பிடித்த மாதிரிதான் இருக்கும். ஓட ஓட அது நசுங்கி வெளியேறும், நட்டு தளர்ந்துவிடும்.

டேப் ஒட்டுகிற வேலையெல்லாம் வேண்டாம். தடித்த அட்டைப் பெட்டியில் நட்டைவிடச் சற்றுச் சிறிய ஓட்டை போட்டு, கூம்பு கீழே போகும்படி நட்டை அழுத்தி உட்கார வையுங்கள். கூம்பு தானாக மறைந்துவிடும். மேலே புரி வாய் திறந்திருந்தால் அதில் ஒரு காகிதச் சுருளைச் செருகுங்கள்.

சூடு ஆறி இளஞ்சூடாக, கையில் பிடிக்கக்கூடிய பதத்தில் இருக்கும்போது துத்தநாகம் கலந்த பிரைமர் ஒரு மெல்லிய பூச்சு. காய்ந்ததும் எனாமல் இரண்டு மெல்லிய பூச்சு. எனக்கு ஸ்ப்ரே டப்பாவை விடச் சின்ன பிரஷ்தான் பிடிக்கும். குளிரில் ஸ்ப்ரே துப்பித் துப்பி வரும், விலையும் அதிகம். தொப்பிக்குள் மறையப்போகிற நட்டுக்குக் கண்ணாடி மாதிரி மினுக்கம் எதற்கு? ஸ்ப்ரேதான் அடிப்பேன் என்றால் டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு அடியுங்கள். கொதிக்கும் தண்ணீரில் வைத்தால் வெடிக்கும்.

தொட்டால் ஒட்டாத நிலை வந்த பிறகு, பெரிய பிஸ்கட் டின்னில் ஓட்டை போட்டுப் பழைய குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு உள்ளே வைக்கலாம். ஈரப் பெயின்டோடு வைக்காதீர்கள், தின்னர் ஆவி தீப்பிடிக்கும். எல்ஈடி பல்பு இதற்கு உதவாது, அதில் போதிய சூடு வராது. டின் இல்லாவிட்டால் ஒரு வாரம் பொறுங்கள். அவசரப்பட்டுப் பூட்டினால் சொக்கட்டோடு பெயின்டும் வந்துவிடும்.

பூட்டுவது

ஸ்டட்டையும் சக்கர ஓட்டையின் கூம்பையும் கம்பி பிரஷால் தேயுங்கள். விரலால் ஓடவிட்டு, எதிரெதிர் மூலையாக முறுக்குங்கள். மைனரின் ஸ்டட் 3/8 அங்குலம்தான், மெல்லியது. குழாய் செருகி ஏறி மிதித்தால் இழுபட்டுப்போகும். வண்டியின் கைநூலில் இருக்கும் அளவுக்கு டோர்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள். சொக்கட்டுக்குள் மெல்லிய துணி ஒரு மடிப்பு வைத்தால் புதுப் பெயின்ட் கீறாது. 50 கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

கிரீஸ்? கராஜ்களில் புரி முழுக்கப் பூசித்தான் பூட்டுவார்கள். நான் பூச மாட்டேன். கைநூலில் சொன்ன அளவு உலர்ந்த புரிக்கு. கிரீஸ் இருந்தால் அதே அளவில் ஸ்டட் கூடுதலாக இழுபடும். முறுக்கி முடித்த பிறகு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட் நுனியில் விரலால் கொஞ்சம் தடவுங்கள். துருவுக்கு அது போதும்.

பிறகு சேர்த்தது

தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தால் இரும்பு கறுத்துத் துரு நிற்குமாமே என்று ஒரு அண்ணன் கேட்டிருந்தார். கறுப்பது உண்மை. தேயிலையில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கறுப்பு நிறம் கொடுக்கும். ஆனால் அந்தப் படலம் மெல்லியது, தேய்த்தால் போகும். வரவேற்பறையில் வைக்கிற சாமானுக்குச் சரி, சக்கரத்துக்குக் காணாது.

வொக்ஸ்வாகன் பீட்டில் கார் வைத்திருக்கும் தங்கச்சி ஒருவர், தன் வண்டியில் நட்டே இல்லை என்றார். சரிதான், அதில் போல்ட். முறை அதேதான், அட்டை ஓட்டையில் புரிப்பக்கம் கீழே போகும்படி நிறுத்தினால் புரியும் சக்கரத்தில் உட்காரும் பகுதியும் சேர்ந்தே மறைந்துவிடும்.

இன்னொருவருடைய பழைய டொட்ஜில் இடப்பக்கச் சக்கர நட்டு எவ்வளவு முயன்றும் இளகவில்லையாம். கிரைஸ்லர் குடும்பத்துப் பழைய வண்டிகளில் இடப்பக்கம் இடப்புரி இருக்கும். வழக்கமான திசையில் திருப்பினால் இன்னும் இறுகும். ஸ்டட் நுனியில் எல் என்ற ஆங்கில எழுத்து குத்தியிருக்கிறதா என்று துருவைச் சுரண்டிப் பார்த்துவிட்டு மறுபக்கம் திருப்புங்கள். அந்த நட்டுகளை வலப்பக்கத்து நட்டுகளோடு ஒரே டப்பாவில் ஊறவைக்காதீர்கள்.