காரில் துப்பாக்கி: வெயிலிடமிருந்தும் திருடனிடமிருந்தும் காப்பது எப்படி?

டெக்சஸில் மான் வேட்டைக்குப் போய்வந்த ஒரு டிசம்பரில், ஸ்பாஞ்ச் வைத்த உறைக்குள் இருந்த ரைபிளைப் பத்து நாள் வண்டியிலேயே விட்டுவிட்டேன். திறந்தபோது, தோட்டாவைத் தள்ளி அடைக்கும் பாகமான போல்ட்டின் மேல் ஆரஞ்சு நிறத்தில் துரு. துப்பாக்கியை எடுத்துப்போகத்தான் கார், குடிவைக்க இல்லை என்பது அன்று புரிந்தது. அப்படியும் வழியில் சாப்பிட இறங்கும்போதோ அலுவலக வாசலிலோ சில மணி நேரம் விட்டுப்போக வேண்டித்தான் வருகிறது. அதைச் சரியாகச் செய்வது எப்படி என்று புதிதாகத் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் சட்டம்

எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கியும் வைத்திருக்கக் கூடாது, தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விதிவிலக்கு உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. நம் ஆட்களில் பலருக்கு இது தெரியாது, அதனால்தான் முதலில் சொல்கிறேன்.

மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டிப்போகும்போது 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கைகொடுக்கும். புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்க உங்களுக்கு அனுமதி இருக்க வேண்டும். துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கெட்டும் இடத்திலும் இருக்கக் கூடாது. டிக்கி தனியாக இல்லாத எஸ்யூவி என்றால் பூட்டிய பெட்டி கட்டாயம். முன்னால் இருக்கும் கையுறைப் பெட்டியும் இருக்கை நடுவே உள்ள கன்சோலும் இதற்குக் கணக்கில் வராது, பூட்டியிருந்தாலும்கூட. கொலராடோவில் 2025 ஜனவரி முதல் ஆளில்லாத காரில் விடும் கைத்துப்பாக்கி, வெளியே தெரியாதபடி கெட்டியான, பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். தபால் அலுவலகத்தின் வாகன நிறுத்துமிடத்தில்கூடத் துப்பாக்கி கூடாது என்ற ஃபெடரல் விதி இன்னொன்று; 2025இல் அதற்கு எதிராக ஒரு நீதிமன்றத் தீர்ப்பு வந்திருக்கிறது, இப்போதைய நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மாநில விதியைப் படித்துவிட்டு மேலே போங்கள்.

பெட்டி

கைத்துப்பாக்கிக்கு உருக்குப் பெட்டி வாங்குங்கள். அதோடு வரும் உருக்குக் கேபிளை இருக்கையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் சுற்றிப் பூட்டுங்கள். பூட்டிய பெட்டியே ஆனாலும் கட்டாமல் விட்டால் திருடன் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான். கேபிளையும் நல்ல கட்டர் வெட்டிவிடும். தரையில் போல்ட் போட்டு இறுக்கிய பெட்டி அதைவிட நல்லது. விரல்ரேகைப் பூட்டு வாங்கினால் சாவித்துவாரமும் இருக்கிறதா பாருங்கள், வெயிலில் பேட்டரி சீக்கிரம் தீரும். அந்தச் சாவி காருக்குள் இருக்கக் கூடாது என்று சொல்லவும் வேண்டுமா?

வீட்டிலேயே செய்ய வேண்டியது

பெட்டியில் வைக்கும் வேலையை வீட்டுக் கராஜில் முடித்துவிடுங்கள். கடை வாசலில் டிக்கியைத் திறந்து வைத்தால் யாராவது பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். அமெரிக்காவில் திருடுபோகும் துப்பாக்கிகளில் பெரும்பங்கு கார்களிலிருந்தே போகிறது. பின்கண்ணாடியில் துப்பாக்கிக் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டுவது திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான்.

வரிசை இது. விசையில் விரல் படாமல், குழாயைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்றுங்கள். அப்புறம் ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) இழுத்து, சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறை) இருக்கும் தோட்டாவை வெளியே எடுங்கள். மேகசினைக் கழற்றாமல் ஸ்லைடை இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும்; புதியவர்கள் தவறுவது இங்கேதான். சேம்பரைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். தொடர் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். திருடுபோனால் போலீஸ் முதலில் கேட்பது அதைத்தான்.

வெயிலும் தோட்டாவும்

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் உள்ளே சராசரியாக 47 டிகிரி செல்சியஸ், டேஷ்போர்டில் 69 டிகிரி. தோட்டா வெடித்துவிடுமா என்று கேட்பார்கள். வெடிக்காது. உள்ளே இருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் வெடிமருந்து பற்றிக்கொள்ள 150 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் அந்த மருந்து இயல்பாகவே மெல்லச் சிதைந்துகொண்டிருப்பது. அதைத் தடுக்கச் சேர்த்திருக்கும் நிலைநிறுத்திப் பொருள் சூட்டில் வேகமாகத் தீர்ந்துபோகும். ஒருநாள் வெயில் ஒன்றும் செய்யாது, கோடை முழுக்கக் கிடந்தால் நம்ப முடியாது. இன்னொன்று, சூடான தோட்டாவைச் சுட்டால் சேம்பரில் அழுத்தம் கூடும். ரைபிளில் குறியும் சற்று நகரும்.

அதனால் டேஷ்போர்டிலிருந்து தள்ளி, கீழே, இருக்கைக்கு அடியிலோ டிக்கியிலோ வையுங்கள் (மாநிலம் தாண்டும்போது மேலே சொன்ன விதிப்படி). ரப்பர் விளிம்புள்ள தோட்டா டப்பா ஈரத்தைத் தடுக்கும். வேறு வழியில்லாமல் காரிலேயே தங்கும் தோட்டாக்களைக் கோடை முடிந்ததும் துப்பாக்கிப் பயிற்சி ரேஞ்சில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். ஒரே தோட்டாவைத் தினமும் சேம்பரில் ஏற்றி இறக்குபவர்கள் அதைப் புதிய தோட்டாவோடு பக்கத்தில் வைத்து நீளத்தைப் பாருங்கள். முனையில் இருக்கும் குண்டு உள்ளே அமுங்கியிருந்தால் சுட வேண்டாம். அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும்.

துரு

சூட்டில் எண்ணெய் இளகி வடிந்துபோகும், கடுங்குளிரில் கெட்டிப்பட்டு ஸ்லைடை மந்தமாக்கும். ஆகவே மெல்லிய பூச்சு போதும். காரில் அடிக்கடி போய்வரும் துப்பாக்கி என்றால் மாதம் ஒருமுறை துடைத்துப் பூசுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்றைப் போட்டு, அது ஈரம் குடித்ததும் மாற்றுங்கள். ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்துவைக்கும், அதனால் அந்த உறை பயணத்துக்கு மட்டும்.

குளிர்நாளில் வீட்டுக்குள் கொண்டுவந்ததும் உறையைத் திறக்காதீர்கள். ஜில்லென்ற இரும்பின் மேல் வீட்டுக் காற்று வியர்த்துவிடும். இரண்டு மூன்று மணி நேரம் மூடியே இருக்கட்டும். அப்புறம் திறந்து, கழற்றி, துடைத்து, எண்ணெய் தடவி, வீட்டுப் பெட்டகத்தில் வையுங்கள்.