உற்பத்தியைக் குறைக்கச் சொன்னால் அலைபாயும் காற்றாலைகள்: என் அனுபவம்

ஆரல்வாய்மொழிப் பக்கம், ஆடிக் காற்றில் உற்பத்தியை 30 மெகாவாட்டாகக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தால், மொத்த உற்பத்தி 27-க்கும் 33-க்கும் இடையே ஆடிக்கொண்டே இருந்தது. மீட்டரிலோ இறக்கைகளிலோ பழுதில்லை. எல்லாக் காற்றாலைகளுக்கும் உற்பத்தி அளவைச் சொல்லி அனுப்பும் கருவியான பிளான்ட் கன்ட்ரோலரின் அவசரம்தான் காரணம்.

அது வினாடிக்கு ஒருமுறை புது அளவை அனுப்பியது. இறக்கைகளின் கோணம் மாறி, மொத்த உற்பத்தியைக் காட்டும் 33 கேவி (கிலோவோல்ட்) மீட்டரில் மாற்றம் தெரிய 6 வினாடி பிடித்தது. முந்தைய திருத்தத்தின் பலன் தெரியும் முன்பே மேலும் மேலும் திருத்தினால் ஆடாமல் என்ன செய்யும்? முதலில் இந்தத் தாமதத்தை அளந்துவிடுங்கள்: காற்று நிலையாக இருக்கும்போது ஒரே அடியாக 2 மெகாவாட் குறைத்து, உற்பத்தி நேரத்தோடு மாறுவதைக் காட்டும் ட்ரெண்ட் கிராஃபில் வினாடிகளை எண்ணுங்கள். புது அளவை அனுப்பும் இடைவெளியை 10 வினாடியாக்கி, சேர்ந்துவரும் வித்தியாசத்துக்கு எவ்வளவு வேகமாகத் திருத்துவது என்பதை முடிவுசெய்யும் இன்டெக்ரல் கெயினைப் பாதியாக்கியதும் ஆட்டம் நின்றது.

பலர் கவனிக்காதது இன்னொன்று. காற்று தளரும்போது கேட்ட அளவு கிடைக்காது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கன்ட்ரோலருக்குள் கூட்டிவரும் இன்டெக்ரேட்டர் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அடுத்த வீச்சில் உற்பத்தி வரம்பைத் தாண்டிப் பாயும். அப்போதைக்குக் கிடைக்கக்கூடிய திறனுக்கு மேல் இன்டெக்ரேட்டர் ஏறாதபடி வரம்பு கட்டுங்கள்; நின்றுபோன காற்றாலைகளை அந்தத் திறனின் கணக்கில் சேர்க்காதீர்கள். உத்தரவு விலகியதும் ஒரேயடியாகத் திறந்துவிட வேண்டாம், நிமிடத்துக்கு 10 சதவீதத்துக்குள் ஏற்றுங்கள்.