நங்கூரச் சங்கிலியில் கஞ்சத்தனம் வேண்டாம்

பாய்மரப் படகிலேயே தங்கிப் பயணிப்பவர்கள் திருகோணமலைக்கு வந்தால், முதலில் சங்கிலியை அளந்து விடப் பழகுங்கள். இது ஆழமான இயற்கைத் துறைமுகம். கரைக்குக் கிட்ட என்று நினைக்கிற இடத்திலும் ஆழம் சட்டென்று கூடிவிடும்.

கணக்கு இதுதான். நீரின் ஆழம் 8 மீற்றர், அணியம் (படகின் முன்முனை) நீர்மட்டத்திலிருந்து 1.5 மீற்றர், வற்றுப் பெருக்குக்கு அரை மீற்றர்: மொத்தம் 10. அமைதியான நாளில் இதன் 5 மடங்கு, அதாவது 50 மீற்றர் சங்கிலி. காற்று ஏறினால் 70. பலர் அணியத்தின் உயரத்தைக் கூட்ட மறக்கிறார்கள். நானும் ஒருமுறை மறந்தேன். விடியும்போது படகு பக்கத்துப் படகை ஒட்டிக்கொண்டு நின்றது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

சங்கிலி நீளமாகக் கிடந்தால்தான் இழுவை கிடையாக விழும், நங்கூரமும் மண்ணைக் கவ்வும். விட்ட பிறகு எஞ்சினைப் பின்னோக்கி மெதுவாக ஓட்டி, சங்கிலியில் கை வைத்துப் பாருங்கள். தடதடவென்று அதிர்ந்தால் நங்கூரம் இழுபடுகிறது. தூக்கி மறுபடி போடுங்கள். சரி, பிடித்துவிட்டதா? கரையில் ஒரே நேர்கோட்டில் வரும் இரண்டு அடையாளங்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மரமும் பின்னால் ஒரு விளக்குக் கம்பமும் போதும். படகு காற்றுக்குத் திரும்பும்போது கோடு கொஞ்சம் விலகும், அது பரவாயில்லை. விலகிக்கொண்டே போனால் உடனே எழும்புங்கள்.

வாடைக்காற்றுக் காலத்தில் திறந்த குடாப் பக்கம் வேண்டாம், உள்துறைமுகமே பாதுகாப்பு.