உரிமைப் போராட்டம் நடந்த கட்டிடத்தை அருங்காட்சியகமாக்குவது எப்படி

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலுள்ள லொரேன் மோட்டலில், 306-ஆம் அறை வாசலிலுள்ள பால்கனியில் நின்றிருந்தபோதுதான் கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று சுடப்பட்டார். கடனில் சிக்கிய மோட்டல் 1982 டிசம்பரில் ஏலத்துக்கு வந்தது. உள்ளூர் அறக்கட்டளை ஒன்று 1,44,000 டாலருக்கு எடுத்தது. அருங்காட்சியகம் திறந்தது 1991-ல். கிரீன்ஸ்பரோ நகரில், வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேடையில் கறுப்பின மாணவர்கள் நால்வர் உட்கார்ந்து போராடிய வுல்வொர்த் கடை 1993-ல் மூடப்பட்டு, 2010-ல்தான் அருங்காட்சியகமானது. ஒன்பது வருடம், பதினேழு வருடம். ஆகவே கட்டிடம் கைக்கு வந்ததும் முதல் பணம் கூரைக்கும் மழைநீர்க் குழாய்களுக்கும் போகட்டும். காட்சிப் பெட்டிகளுக்கு நிதி சேர்வதற்குள் ஒழுகும் கூரை சுவரைத் தின்றுவிடும்.

அடுத்து, கட்டிடம் எந்த நாளைக் காட்ட வேண்டும் என்று தீர்மானியுங்கள். லொரேனில் வெளித்தோற்றமும் அந்த அறையும் 1968-ஐ ஒட்டி நிற்கின்றன. வாசலில் அக்காலக் கார்கள் இரண்டு நிற்கின்றன. கண்காட்சிக்கூடங்கள் உட்புறத்தை மாற்றிக் கட்டியவை. இந்தப் பிரிவினை சரியானது என்றே நினைக்கிறோம். நாளைத் தீர்மானிக்காமல் தொடங்கினால் ஒரே அறையில் 1950-களின் விளக்கும் 1980-களின் கம்பளமும் சேர்ந்து கிடக்கும்.

எதையும் கழற்றும் முன் ஒவ்வொரு அறையையும் அளந்து 1:50 அளவில் வரையுங்கள், அளவுகோலோடு படமெடுங்கள். கதவு, கைப்பிடி, சுவிட்ச் எல்லாவற்றுக்கும் எண் எழுதிய அட்டையை நூலில் கட்டுங்கள். டேப் ஒட்டினால் பழைய பெயின்ட்டும் சேர்ந்து உரியும். சுவரின் பழைய நிறத்தைக் கண்டுபிடிக்க, மறைவான மூலையில் 2 செ.மீ. அளவுக்கு அடுக்கடுக்காகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். கறுப்பு-வெள்ளைப் படத்தைப் பார்த்து ஊகிப்பது தவறிப்போகும். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் தடைசெய்யப்பட்டது 1978-ல்தான். அதற்கு முந்தைய பூச்சில் நச்சான ஈயம் இருக்கலாம். எனவே முதலில் ஆய்வகச் சோதனை, பிறகு ஈரப்படுத்திச் சுரண்டல். தரை ஓடுகளிலும் குழாய் உறைகளிலும் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருக்கலாம். அதற்கு உரிமம் பெற்றவர்களை அழையுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது தரையின் தாங்குதிறனில். விடுதி அறைத் தரை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோவைத் தாங்கக் கட்டப்படுவது. கூட்டம் நிற்கும் இடத்துக்கு 500 கிலோ வேண்டும். அடியில் எஃகு உத்தரம் கொடுக்க முடியாவிட்டால் ஆட்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். வரலாற்று அறைக்குள் யாரையும் விடாமல் கண்ணாடி வழியாகக் காட்டுவதே நல்லது. கண்ணாடியை முழுக்க அடைக்காமல் மேலும் கீழும் இடைவெளி விடுங்கள். காற்று ஓடாத அறையில் பூஞ்சை பிடிக்கும். துணிக்கும் காகிதத்துக்கும் 50 லக்ஸ் வெளிச்சம் போதும். ஜன்னலில் புற ஊதா தடுப்புத் தாள் ஒட்டுங்கள். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்கட்டும். மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் ஏசியை அணைத்தால் ஈரப்பதம் ஏறி இறங்கி மரச்சாமான் வெடிக்கும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1:12 சரிவில், பழைய வாசலை மறைக்காமல் பக்கவாட்டில் அமையட்டும்.

நகல் எதுவானாலும் நகல் என்று எழுதி வையுங்கள். வுல்வொர்த் உணவு மேடையின் ஒரு பகுதி நாற்காலிகளோடு வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. மூலப்பொருளை யார் வைத்துக்கொள்வது என்று கட்டிடம் மூடும் முன்பே பேசி முடிக்க வேண்டும்.

கட்டிட வேலைக்குக் காத்திராமல் சாட்சிகளின் குரலை இப்போதே பதியுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் (WAV) ஒலிக்கோப்பு, கையெழுத்திட்ட ஒப்புதல், இரண்டு ஊர்களில் மூன்று பிரதிகள். முதியவர்களை ஒரே அமர்வில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள்.

குடியிருப்பவர்களை மறந்துவிடக் கூடாது. லொரேனில் கடைசியாக வசித்த பெண் 1988-ல் வெளியேற்றப்பட்டார். அருங்காட்சியகத்துக்குச் செலவான பணம் ஏழைகளின் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்று சாலையின் எதிர்ப்புறத்தில் பல பத்தாண்டுகள் போராடினார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. வாங்கும் முன்பே அக்கம்பக்கத்தாருக்கு நிர்வாகக் குழுவில் வாக்குரிமை கொடுங்கள். வெளியேற வேண்டியவர்களுக்கு மாற்று வீட்டை வரவுசெலவில் முதல் வரியாக எழுதுங்கள்.

உயிர் போன இடத்தைப் பார்வைப் பாதையின் முடிவில் வையுங்கள். அங்கே பலர் அழுவார்கள். ஓரமாக இரண்டு பெஞ்சு போடுங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள். விற்பனைக் கடையின் கதவு அங்கிருந்து கண்ணில் படக் கூடாது.