உவமை என்று எழுதினால் போதுமா? ஆங்கிலக் கவிதை விடைகளில் நேரும் தவறுகள்

சிங்கப்பூரில் சாதாரண நிலைத் தேர்வுக்கு ஆங்கில இலக்கியத்தை முழுப்பாடமாக எடுக்கும் மாணவர்கள், முதல் தாளில் முன்பின் பார்த்திராத கவிதை ஒன்றுக்கு விடை எழுத வேண்டும். கவிதையை வாசிக்கவும் சிந்திக்கவும் எழுதவும் ஏறத்தாழ 50 நிமிடங்களே கிடைக்கும். மனப்பாடம் கைகொடுக்காத இந்தப் பகுதியில் மதிப்பெண் குறைவதற்கு ஆங்கில அறிவுக் குறைவைவிட, துணைப்பாட வகுப்புகளில் ஊறிப்போன சில பழக்கங்களே பெரும்பாலும் காரணம் என்பது என் கருத்து.

அவற்றுள் முதன்மையானது, அணிக்குப் பெயர் சூட்டியதும் நின்றுவிடுவது. ஒரு கவிதை பாட்டியின் கைகளைச் சருகுகளோடு ஒப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். ‘இது உவமை, வாசகர் மனத்தில் தெளிவான காட்சியை உருவாக்குகிறது’ என்று எழுதும் மாணவர், எந்தக் கவிதைக்கும் பொருந்தக்கூடிய ஒரு வாக்கியத்தை எழுதியிருக்கிறாரே தவிர, இந்தக் கவிதையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சருகு எடையற்றது, தொட்டால் நொறுங்குவது, ஒருகாலத்தில் பச்சையாக இருந்தது, மரத்தைவிட்டுப் பிரிந்தது. இவற்றுள் எதைக் கவிதை நாடுகிறது என்பதை அருகிலுள்ள சொற்களே தீர்மானிக்கின்றன. பேரன் அந்தக் கையை மெல்லப் பற்றுகிறான் என்று அடுத்த வரி சொன்னால், நொறுங்கிவிடுமோ என்ற அவனது அச்சம் முன்னுக்கு வருகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் கீழ்த்தளத்தைக் கூட்டும் துடைப்பம் அடுத்த வரியில் வந்தாலோ, வேண்டாதவளாக ஒதுக்கப்பட்ட முதுமை தெரிகிறது. உவமை ஒன்றே என்றாலும் விடைகள் இரண்டு.

ஓசைக்கும் இதே விதிதான். ‘ஸ்’ ஒலி வந்தாலே பாம்பின் சீறல் என்று எழுதுவதற்கு முன், அந்தக் கவிதையில் பாம்புக்கு என்ன வேலை என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, கவிதையில் ‘நான்’ என்று பேசுபவரைக் கவிஞராகவே கொள்வது. இந்தத் தவற்றைத் தமிழ் மாணவர்களும் செய்வது எனக்கு வியப்பாக இருக்கிறது. சங்க அகப்பாடல்களில் தலைவி கூற்று, தோழி கூற்று எனப் பேசுபவரைப் பாடிய புலவரிடமிருந்து பிரித்துக் காணும் மரபு நம்முடையது. பேசுபவர் யார், யாரிடம், எந்த மனநிலையில் பேசுகிறார் என்று கேட்பதற்கு ஆங்கிலக் கவிதையிலும் தடையில்லை.

ஒவ்வொரு கவிதைக்கும் மறைபொருள் உண்டு என்று நம்பி, மாலை வெயிலையெல்லாம் மரணமாக்குவோரும் உள்ளனர். ஊகிக்கலாம், ஆனால் அதற்குக் கவிதையிலிருந்து ஒரு சொல்லையாவது சான்றாகக் காட்ட வேண்டும்.

இன்னொரு தவறு, முதல் வரியிலிருந்து தொடங்கிப் பொழிப்புரை எழுதிக்கொண்டே போவது. வினா ஒரு குறிப்பிட்ட உணர்வைப் பற்றிக் கேட்டிருக்க, விடை கவிதையின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும். இதில் மற்றொரு இழப்பும் உண்டு. பல கவிதைகள் இறுதியில் தொனி மாறுகின்றன: கோபமாகத் தொடங்கியது ஏக்கமாகவும், வேடிக்கையாகத் தொடங்கியது குற்ற உணர்வாகவும் முடியலாம். வரிவரியாக எழுதிச் செல்பவருக்கு நேரம் தீரும்போது, எழுதப்படாமல் எஞ்சி நிற்பவை பெரும்பாலும் அந்த இறுதி வரிகள்தான்.