முகமறிதல்: வலமூளை, இடமூளை, ஆண், பெண் ஒப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகங்களை அடையாளம் காண்பதில் மூளையின் வலது அரைக்கோளம் கூடுதலாக உழைக்கிறது என்பதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை. 1997இல் கான்விஷர் குழு எஃப்எம்ஆர்ஐ (மூளையின் செயல்பாட்டைப் படமாக்கும் ஸ்கேன்) மூலம் காட்டிய ஃப்யூசிஃபார்ம் முகப்பகுதி (முகங்களைக் கண்டால் கூடுதலாகச் செயல்படும் மூளைப் பகுதி) பெரும்பாலோரிடம் வலப்புறம்தான் வலுவாக இருக்கிறது. முகம் தோன்றி ஏறத்தாழ 170 மில்லிநொடியில் எழும் ‘என்170’ என்ற மூளை மின் அலையும் (1996, பென்டின் குழு) வலப்புறமே பெரிது. முகங்களை நினைவில் வைப்பதில் பெண்கள் சராசரியாகச் சற்று மேல் என்பதும் பல ஆய்வுகளில் வந்த முடிவு.

இந்த இரண்டையும் சேர்த்து, ‘வலப்புறச் சாய்வு (வலது அரைக்கோளம் கூடுதலாக உழைப்பது) ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடுகிறதா?’ என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இத்துறை முன்பு செய்து, பட்டுத் திருந்திய அதே பிழைகள் புதிய ஆய்வேட்டு வரைவுகளில் மறுபடி மறுபடி வருகின்றன. பார்வைத்திறனைச் சோதிக்காமல் விடுவது, பயிற்சிச் சுற்று வைக்காதது போன்ற சாதாரணச் சறுக்கல்களை இங்கே தொடவில்லை.

இடது கண்ணையும் இடது பார்வைப்புலத்தையும் குழப்புவது

ஒவ்வொரு கண்ணும் இரண்டு அரைக்கோளங்களுக்கும் செய்தி அனுப்புகிறது. நிலைப்புள்ளிக்கு (கண் ஊன்றிப் பார்க்கும் புள்ளி) இடப்புறம், அதாவது இடது பார்வைப்புலத்தில், தோன்றுவதுதான் முதலில் வலது அரைக்கோளத்தைச் சேரும். அதனால்தான் இச்சோதனைகளில் முகத்தை அப்புள்ளியின் ஒரு பக்கத்தில் சற்று நேரம் காட்டி அளக்கிறார்கள். ஒரு கண்ணை மூடிச் சோதிப்பதால் பயனில்லை.

படத்தை அதிக நேரம் திரையில் விடுவது

புதிதாகத் தோன்றும் உருவத்தை நோக்கிக் கண் பாய 150 முதல் 200 மில்லிநொடி போதும். பாய்ந்துவிட்டால் முகம் மையப் பார்வைக்குள் வந்துவிடும், இடம் வலம் என்ற பிரிவே மிஞ்சாது. 150 மில்லிநொடி பாதுகாப்பான அளவு. 60 ஹெர்ட்ஸ் திரையில் அது சரியாக 9 சட்டகங்கள் (திரை ஒவ்வொரு முறையும் புதுப்பித்துக் காட்டும் படம்). 160 என்று நிரலில் எழுதினாலும் திரையால் அதைக் காட்ட முடியாது. 150 அல்லது 167தான் கிடைக்கும்.

படத்தின் உள்விளிம்பு நிலைப்புள்ளியிலிருந்து குறைந்தது 2 முதல் 3 பாகை தள்ளியிருக்கட்டும். கண்ணுக்கும் திரைக்கும் 57 செ.மீ. இருந்தால் திரையில் 1 செ.மீ. ஏறத்தாழ 1 பாகை. தாடைத் தாங்கி இல்லாவிட்டால் இந்தக் கணக்கு முழுவதும் வீண்: ஆள் முன்னே சாய்ந்தால் பாகை மாறிவிடும். அதற்காகப் படத்தை மிகவும் வெளியே தள்ளவும் கூடாது. ஓரப்பார்வையில் நுணுக்கம் மங்கி, இரண்டு புலங்களிலும் விடைகள் குருட்டு ஊகத்தின் மட்டத்துக்கு இறங்கும். அங்கே சாய்வு இருந்தாலும் தெரியாது.

பொத்தானை அழுத்தும் கையும் ஓர் அரைக்கோளத்தின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. பாதிச் சுற்றுகளை வலக்கையாலும் பாதியை இடக்கையாலும் செய்யவிடுங்கள்.

ஒரே புகைப்படத்தைத் திரும்பக் காட்டுவது

கற்கும்போது காட்டிய அதே படத்தைச் சோதனையிலும் காட்டினால் அளக்கப்படுவது முகமறிதல் அல்ல, படமறிதல். முடியின் ஓரம், ஒளி விழுந்த விதம், சட்டைக் காலர் இவற்றில் ஒன்றே போதும், விடை வந்துவிடும். இது வெறும் ஐயம் அல்ல. பரவலாகப் பயன்பட்ட இரண்டு பழைய முகச் சோதனைகளில் முக உறுப்புகளை மறைத்த பிறகும் பலர் இயல்பான மதிப்பெண் எடுத்ததை 2003இல் டுஷேனும் வைடன்ஃபெல்டும் காட்டினார்கள். கோணமோ ஒளியோ மாறிய வேறு படத்தைச் சோதனைக்கு வையுங்கள், முடியை வெட்டி நீக்குங்கள்.

‘ஆண்களிடம் இருக்கிறது, பெண்களிடம் இல்லை, ஆகவே வேறுபாடு உண்டு’

இந்தத் துறையில் அதிகம் விலை கொடுக்க வைத்த தவறு இதுதான். எத்தனை முறை சுட்டினாலும் திரும்ப வருவது எரிச்சலூட்டுகிறது, ஏனென்றால் ‘ஆண் மூளை ஒருபக்கம், பெண் மூளை இருபக்கம்’ என்ற பரபரப்பான வாக்கியத்துக்குப் பின்னால் பல நேரங்களில் இந்த ஒரு தர்க்கப் பிழைதான் நிற்கிறது.

வழக்கமாக வரும் வரைவு இப்படி இருக்கும். 20 ஆண்கள், 20 பெண்கள். ஆண்கள் இடது பார்வைப்புலத்து முகங்களுக்கு வலப்புலத்தைவிட 30 மில்லிநொடி விரைவாக விடை சொல்கிறார்கள், திட்டப்பிழை (சராசரியின் நிச்சயமின்மை) 12. டி மதிப்பு (வேறுபாட்டைத் திட்டப்பிழையால் வகுத்தது) 2.5, பி மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லையென்றாலும் இவ்வளவோ அதற்கு மேலோ வரும் வாய்ப்பு) 0.02; இது 0.05க்குக் கீழே வந்தால் ‘முக்கியத்துவம்’ என்பது வழக்கம். பெண்களிடம் 20 மில்லிநொடி வேகம், திட்டப்பிழை அதே 12. டி மதிப்பு 1.67, பி மதிப்பு 0.11. உடனே முடிவு எழுதப்படுகிறது: ‘ஆண்களிடம் வலப்புறச் சாய்வு உண்டு, பெண்களிடம் இல்லை.’

ஆனால் கேட்ட கேள்வி இரு பாலினருக்கும் இடையிலான வேறுபாடு பற்றியது. அந்த வேறுபாடு 10 மில்லிநொடி. அதன் திட்டப்பிழை, இரண்டு பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால், ஏறத்தாழ 17. டி மதிப்பு 0.59, பி மதிப்பு 0.56. அதாவது ஆணும் பெண்ணும் வேறுபடுகிறார்கள் என்பதற்கு இந்தத் தரவில் சான்று எதுவும் இல்லை. இரு குழுக்களும் ஒரே திசையில்தான் சாய்கின்றன. ஒன்று 0.05 என்ற கோட்டைத் தாண்டியது, மற்றொன்று தாண்டவில்லை, அவ்வளவே.

பெயர்பெற்ற இதழ்களும் இதற்கு விலக்கல்ல. 2011இல் நியூவென்ஹௌஸ், ஃபோர்ஸ்ட்மன், வாகன்மாக்கர்ஸ் மூவரும் ஐந்து முன்னணி இதழ்களின் நரம்பியல் கட்டுரைகளைப் பரிசோதித்தார்கள். இந்தப் பிழைக்கு வாய்ப்பிருந்த 157 கட்டுரைகளில் 79 அதைச் செய்திருந்தன. பாதிக்கு மேல்!

செய்ய வேண்டியது எளிது. பாலினமும் பார்வைப்புலமும் சேர்ந்த ஊடாட்டத்தை (ஒரு பாலினத்தின் சாய்வு மற்றதிலிருந்து வேறுபடுகிறதா என்பதை) நேரடியாகச் சோதியுங்கள், அதன் அளவையும் 95% நம்பக இடைவெளியையும் (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு) எழுதுங்கள். ஊடாட்டம் தெளிவாக இல்லையென்றால் குழுக்களைப் பிரித்துத் தனித்தனியாகச் சோதித்து அதிலிருந்து கதை கட்டாதீர்கள்.

எளிதல்லாதது மாதிரி அளவு. மேலே சொன்ன தரவில் ஆளுக்கு ஆள் சாய்வு எவ்வளவு மாறுகிறது என்பதைக் காட்டும் திட்டவிலக்கம் ஏறத்தாழ 54 மில்லிநொடி. உண்மையான வேறுபாடு 10 மில்லிநொடி என்றால், அதை 80% வாய்ப்போடு கண்டுபிடிக்கக் குழுவுக்குச் சுமார் 450 பேர் தேவை. 20 பேரோடு அதைத் தேடுவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு: தற்செயலாக முக்கியத்துவம் கிடைத்தாலும், கிடைத்த எண் உண்மையைவிடப் பல மடங்கு ஊதியிருக்கும். அடுத்தவர் திரும்பச் செய்யும்போது அது மறைந்துபோகும்.

இந்தப் பிழையின் தம்பி ஒன்று இருக்கிறது. பெண்களின் சராசரிச் சாய்வு பூஜ்யத்துக்கு அருகில் வந்தால் ‘இருபக்கச் செயல்பாடு’ என்று எழுதிவிடுவார்கள். பாதிப் பேர் வலப்புறமும் பாதிப் பேர் இடப்புறமும் வலுவாகச் சாய்ந்தாலும் சராசரி பூஜ்யம்தான். ஒவ்வொருவரின் மதிப்பையும் ஒரு புள்ளியாக வரைபடத்தில் போடுங்கள். பல நேரங்களில் அந்த ஒரு படமே விவாதத்தைத் தீர்த்துவிடும்.

சரியான விடைகளை மட்டும் எண்ணுவது

‘பார்த்திருக்கிறேன்’ என்று எல்லாவற்றுக்கும் சொல்பவர் பழைய முகங்கள் அனைத்தையும் ‘சரியாக’ச் சொல்லிவிடுவார். பழைய முகங்களில் 90 விழுக்காட்டுக்கும் புதிய முகங்களில் 40 விழுக்காட்டுக்கும் ஆம் சொன்னவரின் டி-பிரைம் (பழையதையும் புதியதையும் பிரித்தறியும் திறனின் அளவு) 1.53. 75, 15 என்று சொன்னவருடையது 1.71. குறைவாக ஆம் சொன்னவரே திறமையானவர். ஆண், பெண் ஒப்பீட்டில் விடை சொல்லும் துணிச்சல் வேறுபட்டாலே போலியான நினைவாற்றல் வேறுபாடு முளைக்கும்.

ஆண் முகங்களை மட்டும் வைப்பது

பெண்களின் மேன்மை பெண் முகங்களில்தான் தெளிவாகத் தெரிகிறது. இரு பால் முகங்களும் சம எண்ணிக்கையில் வேண்டும். முகங்களும் ஒரு மாதிரிதான் என்பதால், பகுப்பாய்வில் ஆட்களைப் போலவே அவற்றையும் சீரற்ற விளைவாக (வேறு முகங்கள் வந்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம் என்பதைக் கணக்கில் எடுக்கும் காரணியாக) சேர்க்க வேண்டும். எட்டே முகங்களை வைத்துக்கொண்டு எல்லா முகங்களைப் பற்றியும் பேச முடியாது.

ஒட்டுமுகங்களின் கண்ணாடிப் பிம்பத்தை விட்டுவிடுவது

பாதி சிரித்தும் பாதி சிரிக்காமலும் இருக்கும் ஒட்டுமுகத்தைக் காட்டினால், பெரும்பாலோர் தங்கள் இடப்பக்கம் உள்ள பாதியை வைத்தே தீர்ப்புச் சொல்வார்கள். ஆனால் படத்தில் இருப்பவரின் முகமே சமச்சீராக இருக்காது. ஒவ்வொரு படத்தோடும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் காட்டினால்தான் பார்ப்பவரின் சாய்வையும் படத்தின் சாய்வையும் பிரிக்க முடியும். வாசிக்கும் திசையையும் பதிவு செய்யுங்கள். வலமிருந்து இடமாக வாசிப்பவர்களிடம் இந்த இடச்சாய்வு குறையக்கூடும்.

கைப்பழக்கத்தை ஒரே கேள்வியில் முடிப்பது

எந்தக் கை பழக்கம் என்பதை அளக்கும் எடின்பரோ வினாப்பட்டியலில் (1971) பத்தே கேள்விகள். கேளுங்கள்.

சாய்வுக் குறியீட்டை அப்படியே நம்புவது

இரு பக்க மதிப்புகளின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் சாய்வுக் குறியீடு வரும். எதிர்வினை நேரத்தில் இது ஏமாற்றும். இரு பக்கங்களிலும் 600, 630 மில்லிநொடி என்றால் குறியீடு 0.024. 900, 930 என்றால் 0.016. மில்லிநொடி வேறுபாடு இரண்டிலும் 30தான். மெதுவான குழுவின் சாய்வு சிறியதாகத் தோன்றியது வகுத்தலால் மட்டுமே. எஃப்எம்ஆர்ஐயில் செயல்பட்ட வாக்ஸல்களை (ஸ்கேன் படத்தின் மிகச் சிறு கனக் கட்டங்கள்) எண்ணிக் கணக்கிட்டாலும் வாயில் மதிப்பை (எந்த அளவுக்கு மேல் ‘செயல்பட்டது’ என்று எண்ணுவது என்ற எல்லை) மாற்றும்போது குறியீடு மாறும். ஒரே வாயிலோடு நிறுத்தாமல் பல வாயில்களில் கணக்கிட்டு, அந்த வளைகோட்டையே கட்டுரையில் போடுங்கள்.